ஒரு பந்து மிச்சமிருக்க

அன்று பூசை முப்பத்தைந்து நிமிடத்தில் முடிந்தது.
ஒன்பது மணிக்கு நாணயம் சுண்ட
சுவாமிதான் மைதானத்தில் நிற்கவேண்டும்.
பாவசங்கீர்த்தனத்துக்குக் காத்திருந்த இரண்டு பேரை
அடுத்த கிழமை வரச் சொன்னோம்.

காணிக்கைத் தட்டில் இரண்டாயிரத்து நூற்றுப் பத்து.
நான்தான் எண்ணினேன்.
கிண்ணத்துக்குச் சேர்ந்தது ஒரு லட்சத்து எண்பதாயிரம்.
அதையும் நான்தான் எண்ணினேன்.

தன்னாமுனையில் ஸ்கோர் எழுத என்னை விட்டால் ஆளில்லை.
கோயில் ஒலிபெருக்கியைக் கழற்றிப்
பூவரசில் கட்டியிருந்தோம்.
பிள்ளைகளின் ஜேர்சி முதுகில்
சீமெந்துக் கடைப் பெயர்.
அதற்குக் கீழே, சிறிய எழுத்தில், ஒரு வசனம்.

பதினாலாவது ஓவரில்
பெற்றோனிலா அக்கா மேசையடிக்கு வந்தா.
காலில் செருப்பில்லை.
கொப்பியில் கிழித்த தாளொன்று கையில்.
"மகளுக்குப் பிள்ளை கிடைச்சிட்டுது.
இரத்தம் நிக்குதில்ல.
ஓ நெகடிவ் வேணுமாம்.
மைக்கில ஒருக்காச் சொல்லு தம்பி."

"ஓவர் முடியட்டும் அக்கா."

முடிந்தது.
அடுத்தது தொடங்கியது.
தாள் பறக்காமலிருக்க
அதன்மேல் சோடாப் போத்தலை வைத்தேன்,
கவனமாகத்தான்.

அப்போதுதான் டிலோஜன் அடித்தான்.
பந்து பனைகளுக்கு மேலால் போய்
வாவிக்கரைக் கண்ணாப் பற்றைக்குள் விழுந்தது.
ரேப் சுற்றிய ரெனிஸ் பந்து. நூற்றெண்பது ரூபாய்.

நாற்பது பேர் இறங்கினோம்.
சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு
சேற்றில் முழங்காலிட்டு
வேர் வேராகக் கையை விட்டுத் துழாவினோம்.
அந்த வருடம் முழுக்க
அவ்வளவு நேரம் நாங்கள் முழங்காலில் நின்றதில்லை.
ஒருவன் தோணி கொண்டு வந்தான்.
ஒருவன் பட்டப்பகலில்
போன் வெளிச்சம் பிடித்தான்.

கண்டெடுத்தபோது
அயலட்டையெல்லாம் கூடிக் கத்தியது.
முன்பின் தெரியாதவனைக் கட்டிப்பிடித்தேன்.
மேலே வானத்திலும் மகிழ்ச்சியாயிருக்கும்
என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

சேற்றோடு மேசைக்குத் திரும்பினேன்.
போத்தல் இருந்தது, தாள் இருந்தது.
அக்கா இல்லை.

பரிசளிப்பு முடிந்த பிறகு வாசித்தேன்.
மைக்கில் என் குரல் நன்றாகத்தான் இருந்தது.
கதிரை அடுக்கிய இரண்டு பையன்களும்
ஓர் ஆடும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மிச்சம் பிறகு தெரிய வந்தது.
வீதியில் நின்று அழுதவவை
ஏறாவூர் நவ்பீஸ் ஓட்டோவில் ஏற்றினாராம்.
மட்டக்களப்பு போய்ச் சேரும்வரை
ஒரு கையால் ஓட்டி
மறு கையால் போன் அடித்தாராம்.
ஐந்தாவது ஆளுக்குப் பொருந்தியது:
மீன் சந்தையில் நின்ற அவரது மச்சினன்.
செதில் ஒட்டிய கையோடு வந்து படுத்தான்.
ஓட்டோக் காசு நவ்பீஸ் வாங்கவில்லை.

இந்தக் கதை எனக்கு முன்பே தெரியும்.
விலகிப் போனவர்கள் யார், நின்றவன் யார்
எல்லாம் தெரியும்.
பீடத்துக்கு முன்னால்
இரண்டு முறை நானே வாசித்திருக்கிறேன்,
நல்ல உச்சரிப்போடு.

அடுத்த ஞாயிறு
சமாதானம் சொல்லும் வேளையில்
முன் வாங்கிலிருந்து அக்கா திரும்பினா.
என் கையைப் பிடித்தா.
குழந்தைப் பவுடர் மணத்தது.
ஒரு கிழமையாய் அடுக்கி வைத்திருந்த வார்த்தையை
நான் எடுப்பதற்குள்
"மச் என்ன மாதிரி தம்பி? வெண்டீங்களா?"

குத்தலில்லை.
உண்மையாகவே கேட்டா.

"ஒரு பந்து மிச்சமிருக்க" என்றேன்.
நெஞ்சு கொஞ்சம் நிமிரக்கூடச் செய்தது.

மணி அடித்தது.
எல்லோரும் முழங்காலிட்டார்கள்.
நானும்.
சேறில்லாத, கழுவித் துடைத்த தரை.
வலித்தது.