எட்டுகளை எடுத்துவிட்டு

முதலில் எட்டுகள் நான்கையும் எடுத்துவிடு.
எங்கள் கட்டில் மூன்று எடுத்தால் போதும்.
டைமன் எட்டின் முதுகில்
கேஸ்காரர் நம்பரை எழுதி
ஃபிரிட்ஜ் மேல் ஒட்டிவிட்டாள் ரெஜினா.

மிச்சம் நாற்பத்தெட்டு.
ஆறு பேருக்கு, ஆளுக்கு எட்டு.
"எட்டை எடுத்தாலும் கைக்கு எட்டும்,
வாய்க்குத்தான் எட்டாது" என்பான் பூபாலன்
ஒவ்வொரு முறையும்.
ஒவ்வொரு முறையும் சகாயம் மட்டும் சிரிப்பார்.

பெரம்பூர். இரண்டாம் மாடித் திருப்பம்.
தண்ணி லாரி பத்துக்கு என்றார்கள்,
பத்தேகாலுக்கு, பதினொன்றுக்கு என்றார்கள்.
கீழே எங்கள் குடங்கள்
எங்களைவிட ஒழுங்காக வரிசையில் நிற்கின்றன.

இந்த ஆட்டத்துக்கு லிட்டரேச்சர் என்று பேர்.
ஏனென்று கேட்காதே.
ஒரு வரி எழுதக்கூடாது,
எல்லாம் மனசில்தான் நிற்க வேண்டும்,
பேர் மட்டும் லிட்டரேச்சர்.

இரண்டிலிருந்து ஏழுவரை ஒரு குடும்பம்.
ஒன்பதிலிருந்து ஆசுவரை இன்னொன்று.
நாலு ஜாதிச் சீட்டுக்கு எட்டுக் குடும்பம்
(துரத்திய எட்டு இப்படித்தான் திரும்பி வரும்).
சிதறிய குடும்பத்தை உன் கட்சிக்குள் சேர்க்க வேண்டும்.

உன்னிடம் இல்லாத சீட்டைத்தான் கேட்கலாம்.
ஆனால் அதன் உறவு ஒன்றாவது
உன் கையில் இருக்க வேண்டும்.
ஆகவே, வாயைத் திறந்தால் மாட்டினாய்.
"தேன்மொழி, கிளாவர் நாலு?" என்று நான் கேட்டதுமே
என் கையில் சின்னக் கிளாவர் உண்டு என்று
ஐந்து பேருக்கும் தெரிந்துபோகிறது.
அவள் "இல்லை" என்கிறாள்.
அதுவும் ஒரு சீட்டுதான், எடுத்து வைத்துக்கொள்.
பொய் சொல்லக்கூடாது. முறை இப்போது அவளுடையது.

கஷ்டமானது இனிமேல்தான்:
எதிராளியிடம் மட்டுமே கேட்கலாம்.
கூட்டாளியிடம் கேட்கவே கூடாது.
அவன் கையில் இருப்பதை
மற்றவர்கள் சொன்ன இல்லைகளை வைத்துத்தான்
நீ கண்டுபிடிக்க வேண்டும்.

என் கூட்டாளி பூபாலன்.

ஆட்டின் ராணியை ஷமீனாவிடம் கேட்டான், இல்லை.
ஒன்பதை சகாயத்திடம் கேட்டான், இல்லை.
கண்ணை மூடிக் கணக்குப் போட்டேன்.
"ஆட்டின் பெருசு. ராணி, ராஜா என்கிட்ட.
ஒன்பது ரெஜினாகிட்ட.
பத்து, ஜாக்கி, ஆசு பூபாலன்கிட்ட."
ஒவ்வொன்றாய் இறக்கினான்.
அத்தனையும் சரி.
"எப்படி கண்டுபிடிச்ச?"
"நீ கேட்டதை வச்சுதான்."

அப்போது ஒரு நொடி அதிகமாகப் பார்த்தான்.

அம்பத்தூர் கம்பெனி பஸ்
முனையில் நின்று கிளம்பும் சத்தம்
மூன்று வாரமாக இல்லை.
இரண்டாம் ஷிஃப்ட் வாரத்திலும்
ஏழு மணிக்கே படியில் இருக்கிறான்.
கழுத்தில் கம்பெனி அட்டை மட்டும்
இன்னும் தொங்குகிறது, படம் உள்பக்கம் திரும்பி.
ஒன்றாம் தேதி மசால்வடை எப்போதும் அவன் கணக்கு.
இந்த ஒன்றாம் தேதி
வயிறு சரியில்லை என்று மேலே வரவில்லை.
"பஸ் ரூட்டை மாத்திட்டாங்களா?" என்று
சகாயத்திடம் கேட்டேன்.
"இல்லையே" என்றார், சீட்டைப் பார்த்துக்கொண்டே.

தப்பாக அறிவித்தால் குடும்பம் கைவிட்டுப் போகும்.
இது சரியாக அறிவித்தாலும்
எங்கே போகும் என்று தெரியவில்லை.

ஹாரன்.
சீட்டையெல்லாம் மாடத்தில் எறிந்துவிட்டு
ஆறு பேரும் படிகளில் உருண்டோம்.
ஹோஸைப் பிடித்து நின்றவன் பூபாலன்.
ஷமீனா குடம், தேன்மொழி குடம், என் குடம்,
எல்லாம் நிரப்பிவிட்டுத்தான் அவன் குடம்.
அது முக்கால்தான் ரொம்பியது.

அடுத்த ஒன்றாம் தேதி வியாழக்கிழமை.
நான் வடை வாங்கிவந்தால்
அதுவே ஒரு கேள்வி.
கேள்வி கேட்டவர் கையில் என்ன இருக்கிறதென்று
அவனுக்கு உடனே தெரிந்துவிடும்.

ஆறு வடை என்ன விலை என்று மட்டும்
கேட்டு வைத்திருக்கிறேன்.