செல்

கிளிநொச்சிக் கச்சேரியில், மின்விசிறிக்குக் கீழே,
மூன்றாவது சாட்சி: நவமணி, உடையார்கட்டு.
நான் மொழிபெயர்ப்பாளர். நாட்கூலி. மத்தியானச் சாப்பாடு உண்டு.

"செல்லுக்குப் பயந்து பங்கருக்குள்ள இருந்தம்."
இது சுகம்.
வந்த வழியே திருப்பி அனுப்பினேன்,
அவர்களுடைய சொல்தானே.

அவர்களுடைய அகராதியில் அது
முட்டைக்கும் தேங்காய்க்கும் ஆமைக்கும் ஒன்றே.
நாங்கள் கோது என்போம், சிரட்டை என்போம், ஓடு என்போம்,
முல்லைத்தீவுக் கரையில் பொறுக்கினால் சிப்பி.
பிளத்தல் என்ற பழைய வேரில் முளைத்ததாம்.
மூடிக் காப்பதற்கும் பிளந்து போடுவதற்கும்
ஒரே சொல் போதுமாயிருந்திருக்கிறது.
எங்களிடம் எறிகணை இருந்தது. வானொலியில்.
எறிகணை என்று கத்தி முடிக்க முதல்
அது விழுந்துவிடும்.

"காணி உறுதி செல்லரிச்சுப் போட்டுது."
அதிகாரிக்கு முதல் இரண்டெழுத்து விளங்கிவிட்டது.
நான் வாய் திறக்க முன்னர் எழுதினார்:
உறுதி, எறிகணை வீச்சில் அழிந்தது.
கறையான், சேர், என்றேன்.
பேனையைத் தூக்கிப் பிடித்து யோசித்தார்.
வெட்டவில்லை.

"அவரை எந்தச் செல்லுக்குள்ள வைச்சிருக்கினம் எண்டு..."
இது வேறு.
லத்தீனிலிருந்து வந்த சிற்றறை,
ஒளித்தல் என்ற சொல் அதற்குச் சொந்தம்.
அங்கே எழுத்தும் வேறு, ஒலியும் வேறு.
எங்கள் ஒற்றைச் சகரத்துக்குள்
இரண்டும் நெருக்கியடித்துக் கிடக்கின்றன.

பின்வரிசையிலிருந்து ஒருவர் சொன்னார்:
"சேர், உங்கட செல் அடிக்குது."
லாச்சிக்குள் ஏதோ பாட்டு.
அரை நொடி ஒருவரும் அசையவில்லை.
பிறகு மண்டபமே சிரித்தது, நவமணியும்,
சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு.
என்ன சிரிப்பு என்று கேட்டார்.
சொல்ல எனக்கு ஆங்கிலம் போதவில்லை.

நிகண்டில் செல் என்றால் முகில். இடியும்தான்.
இரவிரவாகப் பாடமாக்கினேன்,
பரீட்சைக்கு வரவேயில்லை.

"நான் போகலாமோ?"
கோப்பிலிருந்து நிமிராமல்
ஓரசையில் பதில் சொன்னார்.
அதற்கு நேரான தமிழ் என் நாக்கில் வந்து நின்றது,
பெயர்ப்பலகைத் தமிழ், இரண்டே எழுத்து.

"போட்டு வாங்கோ, அக்கா" என்றேன்.

கதிரையைச் சத்தமில்லாமல் பின்னுக்குத் தள்ளினாள்.
நான்காவது சாட்சியின் பெயரில்
ஓர் எழுத்துப் பிழை இருந்தது.