முழுசா நிற்கக் கூடாது

செகாம்புட் பட்டறையில் ஹோக் லியோங்
மூன்று டிஸ்க்குகளை அட்டைப்பெட்டி மேல் பரப்பினான்,
தோசைக்கல் விற்பவன் போல.
ஒன்று முழுக்கத் துளை.
ஒன்றில் வளைந்த கீறல்கள்.
ஒன்று வெறும் இரும்பு.

துளை போட்டதைத்தான் முதலில் தூக்கினேன்.
பொய் சொல்வானேன், அழகு.
சிக்னலில் பக்கத்துக் கார்க்காரன்
சக்கரத்துக்குள் எட்டிப் பார்ப்பான்.
ஹோக் லியோங் பேசவில்லை.
சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக் கையில் கொடுத்தான்.
அதுவும் துளை டிஸ்க்தான், யாரோ விட்டுப் போனது.
நாலு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவே
ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு
முடி கனத்தில் விரிசல்.
"செப்பாங் போனான்," என்றான். "மூணு ரவுண்டு லா."

கீறல் போட்டது?
"சத்தம் வரும். பேட் சீக்கிரம் தேயும்.
மழையில நல்லா புடிக்கும்."
நாலு மணியானால் மழை வரும் ஊர் இது.
அதை ஏந்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.
ஜோடி ஆயிரத்து எண்ணூறு வெள்ளி.
சமையலறை அலமாரிக்கு
குணாளன் ஒதுக்கச் சொன்ன முன்பணமும்
அதே ஆயிரத்து எண்ணூறு.

குணாளனுக்குத் தெரியாது:
போன மாதம் கெந்திங்கிலிருந்து இறங்கும்போது
அவன் தூங்கிக்கொண்டிருந்தான்,
வாய் திறந்து, மடியில் பாதி தின்ற சோளம்.
முன்னால் ஒரு சுற்றுலாப் பேருந்து ஊர்ந்தது.
மிதித்தேன், விட்டேன், மிதித்தேன்.
கருகல் வாசனை பேருந்துடையது என்றே நினைத்தேன்.
கோயில் வளைவு தாண்டியதும்
பெடல் பஞ்சில் இறங்குவதுபோல
இறங்கியது,
இன்னும்
இறங்கியது,
தரை.

இருநூற்று எண்பது குதிரை என்று சொல்லித்தான்
ஈவோவை என்னிடம் விற்றார்கள்.
கடிவாளத்தைப் பற்றி அவர்களும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

இரண்டாம் கியர். இன்ஜின் அலறிற்று.
பேருந்தின் பின்கண்ணாடியில் ஒரு குழந்தை
எனக்குக் கையசைத்தது.
பிறகு, விரல் அகலம் விரல் அகலமாக, அது விலகிப் போனது.
குணாளன் புரண்டு, "வந்துட்டோமா?" என்றான்.
"இல்ல. தூங்கு."

ஹோக் லியோங்கிடமும் இதைச் சொல்லவில்லை.
கழற்றிய பழைய டிஸ்க்கை வெளிச்சத்தில் திருப்பினான்.
ஓரத்தில் மயில்கழுத்து நீலம்.
"எந்த மலை?" என்றான்.
சொன்னேன்.
"பெடல் தரைக்குப் போச்சுன்னா டிஸ்க் குத்தம் இல்ல.
ஆயில் கொதிச்சிருக்கு."
இவ்வளவு நேரம் எதைத் தேர்ந்துகொண்டிருந்தேன்?

வெறும் இரும்பை எடுத்தேன். கனமானது,
சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும்.
மிச்சக் காசுக்கு நல்ல ஆயில், நல்ல பேட்.
பக்கத்துக் கார்க்காரன் இனி எட்டிப் பார்க்க மாட்டான்.

நள்ளிரவில் ஆளில்லாத சைபர்ஜெயா சாலை.
நூறிலிருந்து இருபதுக்கு, பத்துத் தடவை.
முழுசா மட்டும் நிற்கக் கூடாது என்றிருந்தான்.
சூட்டோடு நின்றால்
நின்ற இடத்தில் பேட் ஒட்டிக்கொள்ளும்,
அந்த இடம் வரும்போதெல்லாம்
கார் என்றைக்கும் நடுங்கும்.
ஏழாவது தடவையில் தூரத்தில் சிவப்பு விளக்கு.
காலைத் தூக்கினேன். ஊர்ந்தேன், ஆமையாக,
பச்சையாகிவிடு, பச்சையாகிவிடு என்று
வாய்விட்டுக் கெஞ்சினேன்.
கைப்பேசி ஒளிர்ந்தது: எங்கே இருக்க?

விடிவதற்குள் மழை பெய்திருந்தது.
சாரல் பட்டுப் புது இரும்பில் ஆரஞ்சுத் தோல்.
பல்துலக்கியோடு குனிந்து பார்த்தான் குணாளன்.
"துருப்பிடிச்சதைத் தலையில கட்டிட்டான்."
வாசலில் இரண்டு அடி நகர்த்தி
ஒரே மிதி. சர்ரென்று உரசி
வெள்ளியாகிவிட்டது.
அலமாரியைப் பற்றிக் கேட்பான் என்றிருந்தேன்.
நுரையைத் துப்பிவிட்டு,
"சனிக்கிழமை கெந்திங் போலாமா?" என்றான்.
"அந்தச் சோளம் நல்லா இருந்துச்சு."