எண்பத்தேழு டிகிரி

நாலாவது கேள்வி: தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்?
எண்பத்தேழு என்று எழுதினேன்.
சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி.

பொத்தோசியில் இரவுப் பள்ளி.
எட்டு வயதுப் பிள்ளைகளுக்குச் செய்த பெஞ்சு,
முழங்கால் மேசையில் இடிக்கும்.
பக்கத்தில் ரொசெந்தா
பால் கொடுத்தபடியே கண்டங்களை மனப்பாடம் செய்வாள்.
ஆசியாவில் பிள்ளை ஏப்பம் விடும்.

நான் கல் பொறுக்குகிறவள்.
சுரங்கம் துப்பிய குவியலில்
ஈயமோ வெள்ளியோ ஒட்டிய துண்டுக்காகப்
பகலெல்லாம் சுத்தியல் தட்டுகிறவள்.
பெண் உள்ளே நுழைந்தால்
தாது ஒளிந்துகொள்ளுமாம்.
நல்லவேளை, இதை அறிவியலில் சேர்க்கவில்லை.

போன வாரம் வரலாறு.
ராஜாவுக்கு வெள்ளி வேண்டியிருந்தது;
ஏழு ஆண்களில் ஒருவன் மலைக்குள் போகவேண்டும் என்று ஆணை.
கணக்கு வகுப்பில் மாதக்கணக்காய் ஏறாத பின்னம்
அன்றைக்கு ஏறிற்று.
விரல்விட்டு எண்ணினேன்:
அண்ணன் தம்பி ஆறு பேர், அப்பாவோடு ஏழு.
அந்த ஆணை ஒழிந்து இருநூறு வருஷம்.
எங்கள் வீட்டில் போனது நாலு பேர்.
யாரும் ஆணையிடவில்லை.
ஏழில் ஒன்று, ஏழில் நாலு, எது பெரிது?
அப்படியொரு கேள்வி தாளில் வரவில்லை.

நுரையீரல் படம் புத்தகத்தில் ரோஜா நிறம்,
காற்றறைகள் திராட்சைக் கொத்து மாதிரி.
என்னிடம் இருப்பது செவேரோவின் எக்ஸ்ரே.
ஜன்னலில் கண்ணாடி உடைந்த இடத்தில் ஒட்டியிருக்கிறேன்.
காலை வெயிலில்
அவன் விலாவெலும்பு அடுப்படித் தரையில் விழும்.
மிதிக்காமல் சுற்றிப் போவான் சின்னவன்.

விடைத்தாளை எடுத்துக்கொண்டு வாத்தியாரிடம் போனேன்.
"பள்ளிக்கூடத்து வெப்பமானிதான்.
மூன்று தடவை வைத்துப் பார்த்தேன்.
தண்ணீர் குதிக்கிறது, பாதரசம் எண்பத்தேழிலேயே நிற்கிறது."
என்னைவிடப் பத்து வயது இளையவர்.
காது சிவந்தது.
"கடல் மட்டத்தில் என்று கேட்டிருக்க வேண்டும்" என்றார்.

கடலா?
அதைப் பறிகொடுத்த கதை எங்களுக்கு ஏழாம் பாடம்.
மேகத்துக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு
எந்த மட்டத்தில் நின்று விடை எழுதுவது?

அரை மதிப்பெண் போட்டார்.
மீதி அரைக்கு நான் சண்டை பிடிக்கவில்லை, அன்றைக்கு.

வீட்டில் அடுப்பில் உருளைக்கிழங்கு.
ஒரு மணி நேரமாய்க் கொதித்தும்
சின்னவன் முள்கரண்டியால் குத்திப் பார்த்துச் சொல்கிறான்,
"இன்னும் கல்லும்மா."
காற்று கனம் குறைந்த ஊரில்
எதுவும் வேகக் கூடுதல் விறகு கேட்கும் என்றேன்.

அடுத்த பரீட்சை வியாழக்கிழமை.