மருந்து

உறை பதினேழு: வலது கை.
பதினெட்டு: இடது.
பெயர் உறையில் இல்லை, இருக்கவும் கூடாது.
சார்ஜன் அந்தோணிராஜ்தான் வாய்தவறிச் சொன்னார்:
ஜெலுத்தோங்கில் ஏடிஎம் வெடித்த இரவு
எதிர்க்கடைக்குக் காவலிருந்த சன்னாசி.

முதலில் வெற்று மாதிரி.
பாயான் லெப்பாஸ் ஓடுபாதை போல
நீட்டிக் கிடந்தது கோடு.
நல்லது. என் கையில் ஒன்றுமில்லை.

இடது கையிலும் இல்லை.
ஏதோ பிசுக்கு. நாசி லெமாக் எண்ணெயோ,
சைக்கிள் சங்கிலி மசகோ.
தேடாததற்கு நான் பெயர் வைப்பதில்லை.

வலது கை.
ஆறாம் நிமிடம் தாண்டியதும்
கொடிமலை மாதிரி எழுந்தது ஒரு முகடு.
திரையில்தான் மலை.
ஒரு கிராமை நூறு கோடியாக்கி
அதில் நாற்பதை எண்ணினால் வரும் அளவு.

நைட்ரோகிளிசரின்.

வேறு கருவியில் ஓட்டினேன். வேறு முறையில்.
ஒருவரையொருவர் அறியாத சாட்சிகள் போல
இரண்டும் அதையே சொல்லின.

ஆனால் துணைக்கு யாருமில்லை.
இயந்திரத்தின் தகரச் சில்லில் நான் கண்டது
முற்றிலும் வேறு குடும்பம்.
இது மட்டும் தனியே,
பந்தல் மாறி வந்து உட்கார்ந்தவன் மாதிரி.

பாலாய்க்குப் போன் போட்டேன்.
சட்டைப் பையில் என்ன இருந்தது?
"ஒண்ணுமில்ல டாக்டர். ஐசி, பத்து வெள்ளி,
நாலு நம்பர் சீட்டு,
பழுப்புக் குப்பியில மாத்திரை."
நாக்குக்கு அடியில் வைப்பதா?
அந்தப் பக்கம் யாரோ கரண்டியால் கலக்கும் சத்தம்.

நெஞ்சு பிசைந்தால் ஒன்றை எடுத்து ஒதுக்குவார் போலும்.
அவ்வளவு பெரிய சத்தத்துக்குப் பிறகு
யார்தான் எடுக்கமாட்டார்?

அறிக்கையில் 'போலும்' எழுத முடியாது.
'கண்டறியப்பட்டது' என்று எழுதினேன்.
கீழே ஒரு வரி:
இதே பொருள் இதய நோய்க்கும் தரப்படுகிறது.
வழியை இம்முடிவு சொல்லாது.

தமிழில் வெடிக்கிறதும் மருந்து,
காப்பாற்றுகிறதும் மருந்து.
மலாயிலும் ஊபாட் இரண்டுக்கும் பொது.
மொழிகளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.
நான்தான் ஒரு பகல் முழுக்கக் கருவி ஓட்டினேன்.

"அந்தக் கடைசி வரிய எடுத்துடலாமா?"
முடியாது, சார்ஜன்.

கையுறையைக் கழற்றும்போதுதான் உறைத்தது.
மறுபடி அழைத்தேன்.
அந்தக் குப்பி இப்போது எங்கே?
"சான்றுப் பையில. சீல் வச்சாச்சு."
ஆள்?
"லாக்கப்புல."

மணி ஏழேகால்.
சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன்,
போன் இன்னும் காதில்.
உடையுங்கள் அந்த சீலை,
உடையுங்கள்.