ஐந்து பத்து பஸ்

மொரிஷிதா சாருக்கு ஐம்பத்து மூன்று வயது.
தடா பக்கத்து கம்பெனியில் குவாலிட்டி அவர் பொறுப்பு.
நான் அவருடைய வாய்.
கும்மிடிப்பூண்டியில் பிறந்து
சென்னையில் இரண்டு வருடம் ஜப்பானிய மொழி படித்து
எல்லைக்கு அந்தப் பக்கம் வாடகை அறையில் இருந்துகொண்டு
மூன்று மொழியையும் மென்று கொடுப்பவள்.

வந்த முதல் வாரம் கேட்டார்:
'இங்கே ஓடினால் ஏன் எல்லோரும்
வண்டியை நிறுத்துகிறார்கள்?'
பால்காரர் நிறுத்தியிருக்கிறார்.
மீன் ஆட்டோ நிறுத்தியிருக்கிறது,
இறால் பெட்டிமேல் இடம் காட்டி.
போலீஸ்காரர் ஒருவர் மட்டும்
அவரைத் தாண்டிப் பின்னால் பார்த்தாராம்,
துரத்துகிறவன் எங்கே என்று.

சூளூர்பேட்டை காலேஜ் மைதானத்துக்கும் கூட்டிப் போனேன்.
பட்டுக்கரைப் புடவைக்குக் கீழே ஆரஞ்சு ஷூ.
குரங்குக் குல்லாயோடு நான்கு ரிட்டயர்டு தலைகள்.
ஐந்து சுற்று, பிறகு மைசூர் போண்டா,
போண்டாவைக் கரைக்க இன்னும் ஒரு சுற்று.
எதிர்ப்படும் எல்லோரும்
'சுகர் எவ்வளவு?' என்றே கேட்பதைப் பார்த்து
அதுதான் இந்த ஊர் வணக்கம் என்று எடுத்துக்கொண்டார்.
மறுநாள் கம்பெனி வாசலில்
வாட்ச்மேனுக்குக் குனிந்து
'சுகர் பாகுந்தா?' என்றார்.
'நூத்தி நாற்பது சார்' என்றான் அவன்.
நான் திருத்தவில்லை.

ஷிப்ட் தொடங்குமுன் கம்பெனியில் உடற்பயிற்சி.
ஸ்பீக்கரில் ஒரு பியானோ,
அவர் பள்ளிக்கூடத்தில் கேட்டதாம்.
இச்சி, நீ, சான், ஷி.
'நீ' வரும்போதெல்லாம் மஸ்தானய்யா
பக்கத்தில் நிற்பவனைக் காட்டுவான்.
கைகள் பாதி உயரத்தில் நிற்கும்.
கண்கள் அதுவும் இல்லை.

கடைசி வரிசையில் ஒருத்தி மட்டும்
கையைத் தூக்குவதே இல்லை.
பெஞ்சலம்மா, பேக்கிங்.
'வீட்டில் என்ன பயிற்சி செய்கிறார்? கேளுங்கள்.'
கேட்டேன்.
'பஸ்சுக்கு ஓடறேன்' என்றாள் தெலுங்கில்.
கைபாட்டரை கை காட்டினால் டிரைவர் நிறுத்துவதில்லை,
அடுத்த ஸ்டாப்பில் யாராவது இறங்கினால்தான் நிற்கும்,
அதுவரை ஓட்டம்.
அவ்வளவையும் சொல்ல எனக்கு நேரமில்லை.
'ஓட்டம்' என்றேன் ஜப்பானியத்தில்.

அவர் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது.
'நானும்! எத்தனை தூரம்?'
'ஒன்றரை கிலோமீட்டர்.'
'எவ்வளவு நேரத்தில்?'
பெஞ்சலம்மா யோசித்தாள்.
'அது டிரைவரைப் பொறுத்தது.'
இதை மட்டும் வார்த்தை பிசகாமல் சொன்னேன்.
டிரைவர் என்றால் கோச்சா என்று கேட்டார்.

அதற்குப் பிறகு அவர்
காலை ஓட்டத்தை அவள் ரோட்டுக்கு மாற்றினார்,
ஒரு சக வீராங்கனையைப் பார்க்கும் ஆசையில்.
ஐந்து பத்து.
முன்னால் டிபன் தூக்கோடு அவள்,
பின்னால் மூச்சிரைக்க அவர்.
வெளிச்சம் போட்டு வந்த பஸ்
அவருக்காக நின்றது.
'ஏறுங்க சார், ஏறுங்க!'
அவர் ஏறவில்லை.
அவள் ஏறிக்கொண்டாள்.

அன்று மதியம் என்னைக் கூப்பிட்டு
முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.
சொன்னேன்.
வெகுநேரம் பேனா மூடியைத் திறந்து மூடினார்.

பதினோரு மாதம்,
மழையிலும் குடை பிடித்து,
ஐந்து பத்துக்கு அந்தப் பாலத்தருகே ஓடினார்.
நின்ற பஸ்சில் பெஞ்சலம்மா ஏறுவாள்,
கூடவே கோழிக்கூடையோடு ஒரு கிழவர்,
செங்கல் சூளைக்குப் போகும் மூன்று பேர்.
ஒவ்வொரு தடவையும் கையிலுள்ள வாட்ச் கேட்குமாம்,
பயிற்சி முடிந்ததா என்று.

மார்ச்சில் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள்.
கிளம்பும்போது ஒன்றும் சொல்லவில்லை,
ஷூ அளவு மட்டும் கேட்டார்.

பார்சல் வந்தது. போட்டுக்கொண்டேன்.
பாலத்தருகே, இருட்டில், ஐந்து பத்துக்கு ஓடினேன்.
பஸ் என் முழங்கையை உரசிக்கொண்டு போனது.
ஜன்னலோரம் யாரோ சிரித்தார்கள்.

'நீ ஓடினா நிக்குமா?' என்றாள் பெஞ்சலம்மா
தூக்கை இடக்கைக்கு மாற்றி.
'வா, வா. வேகமா.'