பதினொரு சுருள்

பகலில் நான் அடையாள அட்டைக்காரன்.
நாடியை நிமிர்த்து, காதைக் காட்டு,
சிரியாதே, சிமிட்டாதே.
டொக்யாட் வீதியில் லூமினா ஸ்டூடியோ.
நீலத் திரை, ஒரு சுழல்கதிரை,
ஊருக்கெல்லாம் பொதுவாய் ஒரு கறுத்தக் கோட்டு.

சனி இரவு உப்புவெளி.
வெள்ளைக்காரர் நண்டு உடைக்கும் ஹோட்டலில்
மூன்று பேர் ஜாஸ் வாசித்தார்கள்.
டிரம்ஸ் சகாப்தீன்.
குலவீரசிங்கம், தன்னிலும் உயர்ந்த பேஸைத் தோளில் சாய்த்து
நித்திரையான பிள்ளையைத் தூக்கினவன் மாதிரி நிற்பான்.
ட்ரம்பெட், பாலையூற்று டெரன்ஸ் பார்த்தலொட்.

பிளாஷ் போட்டதில்லை.
மெழுகுதிரி, மேசை விளக்கு,
வெளியே நங்கூரமிட்ட கப்பலின் வெளிச்சம்,
அதற்குள் எடுத்ததுதான் எல்லாம்.
கிணறே கொதிக்கும் சித்திரையில்
மீன்வாடியில் ஐஸ் வாங்கிப் பிலிம் கழுவினேன்.
என் இருட்டறை அறக்குளா மணக்கும்.
எப்போதாவது ஒரு செதில் நெகட்டிவில் ஒட்டிக் காயும்,
பிரிண்டில் நிலவாக வரும்.
கேட்டவர்களிடம் நிலவு என்றே சொன்னேன்.

டெரன்ஸ் மூச்சிழுப்பான்.
கன்னம் உப்பும், கழுத்து நரம்பு கயிறாகும்.
காத்திருப்பேன்.
அவன் கண் மூடுகிற கணத்தில் என் விரல் இறங்கும்.
திறந்த கண் சம்பளத்தைப் பார்க்கிறது, வாசலைப் பார்க்கிறது,
மூடிய கண்தான் வாசிக்கிறது என்று
கொழும்புக் கண்காட்சியில் பேசியும் இருக்கிறேன்.
கைதட்டினார்கள்.
நிலவுள்ள படம் நல்ல விலைக்குப் போனது.

தொண்ணூறாம் ஆண்டு, ஆனி கழிந்து
மோனிக்கா வந்தாள்.
சந்தைக்குப் போன டெரன்ஸ் திரும்பவில்லை.
முறைப்பாட்டுக்கு ஒரு படம் வேணும் அண்ணா.
வீட்டிலிருந்த படமெல்லாம் வீட்டோடு போய்விட்டது.

என் ஆகச் சிறந்ததைக் கொடுத்தேன்.
மறுநாள் திருப்பிக் கொண்டுவந்தாள்.
மேசைக்குப் பின்னால் இருந்தவர் கேட்டாராம்:
கன்னம் வீங்கிக் கண்ணை மூடின ஆளை
எப்படியம்மா மட்டுக்கட்டுறது?

பதினொரு சுருள்.
ஒவ்வொரு பிரேமாய் விளக்குக்குப் பிடித்தேன்.
முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து தரம்
அவன் என்னைப் பார்க்கவில்லை.

மிச்சம் ஒன்று.
ஏழாவது சுருளின் கடைசி,
சிவப்புப் பென்சிலால் நானே குறுக்கே கீறியது.
ட்ரம்பெட்டைக் கவிழ்த்து எச்சில் வடியவிட்டபடி,
கழுத்து நுளம்புக்குக் கை பாதி எழும்பியபடி,
நேரே என்னைப் பார்க்கிறான்.
வாய் ஏதோ சொல்கிறது.
இன்னும் முடியேல்லையோ உன்ர பிலிம், என்றிருக்கலாம்.
ஃபோகஸ் அவனில் இல்லை.
பின்னால் நிற்கும் குலவீரசிங்கத்தின் சேட்டுப் பொத்தானில்.

அதை ஏற்றுக்கொண்டார்கள்.

பெரிதாக்கிக் கச்சேரி மதிலில் ஒட்டினோம்,
கோதுமைமாப் பசையில்.
இரவில் மான்கள் வந்து பசைக்காகத் தின்றன.
விடிய ஒரு காதும் பாதி உதடும் மிச்சம்.
திரும்ப அடித்தேன், திரும்பத் தின்றன.
மூன்றாம் முறை
மோனிக்கா பசைக்குள் மிளகாய்த்தூள் கலந்தாள்.
மாரி வரைக்கும் நின்றான்.

இப்போதும் ஆட்கள் வருகிறார்கள்,
பாஸ்போட்டுக்கு, விசாவுக்கு.
சிமிட்டினவரை எழும்ப விடுவதில்லை.
ஐந்து தரம், ஆறு தரம்.
கோபிக்கிறார்கள்.
கோபிக்கும்போது கண் நன்றாகத் திறக்கிறது.